கை படாத புத்தகங்கள்

கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூடு சந்தையருகே நான் போடும் புத்தகக் கடைக்கு, ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் வருவார். அட்டை அழுக்காகிவிடும் என்று பால் ஒட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பக்கங்களை நான்தான் புரட்டிக்காட்ட வேண்டும்.

"மகளுக்குப் பன்னிரண்டு வயசாக்கும். ஆறு வயசுப் பிள்ளைக்குள்ள தமிழ் புக்கு தா மக்கா."

"வயசுக்கேத்தது எடுக்கலாமே, அண்ணாச்சி?"

"பள்ளிக்கூடத்துல மலையாளம்தான். தமிழ் இப்பதான் எழுத்துக் கூட்டுதா. அவளுக்க அம்மைக்குக் கண்ணு தெரியாம போச்சு. வாசிச்சுக் காட்டணும்."

பிறகு ஏழு வயதுப் புத்தகம் வாங்கினார், அதன்பின் எட்டு.

போன மாதம் அவர் வந்ததும் ஒன்பது வயதுப் புத்தகத்தை நானே விரித்தேன்.

"இப்போ தடங்கலில்லாம வாசிக்கா மக்கா. கேக்கதுக்கு அம்மைதான் இல்ல."

சொல்லிக்கொண்டே, கையில் பால் இருப்பதை மறந்து, அட்டையைத் தடவினார். அந்தக் கறை படிந்த புத்தகத்தை நான் இன்னும் யாருக்கும் விற்கவில்லை.