பால் ஆய்வகத்துக் குச்சி

என் தம்பியின் பெயர் குச்சி. சான்றிதழில் வேறு ஏதோ எழுதியிருக்கிறதாம். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அது என்னைக் கட்டுப்படுத்தாது. பிறந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தான். மடியில் வாங்கிய நான்தான் பெயர் வைத்தேன். இப்போது அவன் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். பெயர் மட்டும் இன்னும் பெருக்கவில்லை.

பால் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை. ஒரு சொட்டுப் பாலைக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பான், தீயில் லேசாகக் காட்டுவான், சாயம் விட்டுக் கழுவுவான், பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிடுவான். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. நான் டீ கொடுத்தால் முதலில் கரண்டியை முகர்ந்து பார்ப்பான்.

"கழுவித்தான்டா வச்சிருக்கேன்."

"தெரியும்க்கா, சும்மா பார்த்தேன்."

அவன் மகளுக்கு ஒரு நல்ல இடம் கூடிவந்தது. பையனின் அப்பாவும் அம்மாவும் முதன்முறை வீட்டுக்கு வருகிற அன்று, காலையிலேயே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னைக்கு ஒருநாள் அவங்க முன்னாடி குச்சின்னு கூப்பிடாத. பையனோட அப்பா பெரிய ஆபீசர். என் மானமே போயிடும்."

"பார்க்கலாம்" என்றேன். சரி என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்காதது அவன் தப்பு.

வந்தார்கள். பெரியவர் கஞ்சி போட்ட சட்டைக்குள் விறைப்பாக உட்கார்ந்தார். ஒரு வாய் டீ, ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். தம்பிக்கு வியர்த்துவிட்டது. எதையாவது பேசவேண்டுமே என்று தனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டான்.

"பாக்டீரியான்னா என்ன அர்த்தம் தெரியுங்களா? கிரேக்க மொழியில சின்னக் குச்சி."

வாயில் போட்ட பிஸ்கட்டை நான் கடிக்கவில்லை.

"பேர் வச்சவர் கண்ணுல பட்டது குச்சி குச்சியா இருந்திருக்கு, அதான்."

பையனின் அம்மா விவரமானவர். "உருண்டையாவும் இருக்குமே? படத்துல பார்த்திருக்கேன்."

"இருக்குங்க. உருண்டை, சுருள், எல்லாம் இருக்கு. ஆனா முதல்ல வச்ச பேர் வச்சதுதான். உருண்டையா இருந்தா என்ன, பேரை மாத்த முடியுமா?"

அதற்குமேல் பொறுக்க நான் என்ன கல்லா?

"அப்படிச் சொல்லுடா என் குச்சி!" என்றேன்.

தம்பியின் முகம் செத்துவிட்டது. பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். அடிப்பாவி, பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பையனின் அம்மாதான் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் குலுங்கினார். "வருத்தப்படாதீங்கண்ணா. இவரை இவங்க வீட்டுல இன்னும் 'பாப்பாக்குட்டி'ன்னுதான் கூப்பிடறாங்க."

"ஏய், சும்மா இரு!" என்று பெரியவர் அதட்டினார். ஆனால் விறைப்பெல்லாம் போயேபோய்விட்டது. தம்பியின் பக்கம் சாய்ந்து, "உங்களுக்கும் அக்காதான் வச்சாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"ஆமாங்க சம்பந்தி."

"எனக்கும்தான்."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்னொரு டீ போடுகிறேன் என்று நான் சமையலறைக்குள் நழுவிவிட்டேன்.