பெயின்ட் வாளிச் செம்பருத்தி

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் நடத்தும் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில், பேசாதவர்களைப் பேசவைப்பது என் பொறுப்பு. காட்டூரிலிருந்து சேர்ந்து, அதுவரை ஒன்றும் எழுதாமலிருந்த அக்கா ஒருவருக்கு, "தைரியமா போட்டோ போடுங்கக்கா, யாரும் சிரிக்க மாட்டாங்க" என்று தனியாக எழுதினேன். பெயின்ட் வாளியில் வளர்த்த செம்பருத்தியின் படத்தைப் போட்டு, இலை ஏன் சுருள்கிறது என்று கேட்டார்.

"மொதல்ல வாளியக் கழுவுங்க மேடம், செடி தானா நிமிரும்!" என்றார் பழைய உறுப்பினர் ஒருவர். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுகிறவர்கள்தான் அத்தனை பேரும்.

நான் பதில் எழுதுவதற்குள் அக்கா படத்தை அழித்துவிட்டு வெளியேறிவிட்டார். தனியாக எழுதி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க, நீங்க சொன்னீங்களேன்னுதான் போட்டேன்" என்றார்.

சிரித்தவர்களை அன்றே நீக்கினேன். புதியவர்களை அவர்கள் கேலி செய்வது எனக்கு முன்பே தெரியும்; அக்காவைப் போட்டோ போடச் சொல்வதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.