டாக்டர் கைவிரித்த பிறகு வருகிறவன்

"இனி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் தொழில் ஆரம்பமாகும். எழுபதுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தேன். புற்றுநோய் முற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். வலி மாத்திரை கொடுக்க வேண்டும். அவர்கள் போன பிறகு வீட்டாருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் துண்டை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதையே நான் மாதச் சம்பளத்துக்குச் செய்தேன்.

ஓடாத ஒருவர்

முதல் நாள், கடம்பூர்ப் பக்கம் ஒரு கிராமம். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பையும் நோட்டுமாக நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "ஏலே, ஆள் பிடிக்க வந்துட்டான்லே!" என்று ஒரு சத்தம். டீக்கடை பெஞ்சு காலி. இளவட்டங்கள் பருத்திக் காட்டுக்குள் பாய்ந்தார்கள். அவர்கள் பின்னால் எழுபது வயதுக்காரர் ஒருவரும் ஓடினார். அவருடைய தன்னம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும். முந்தின நாள் மழை. நாலைந்து ஜோடிச் செருப்பு கரிசல் சகதியிலேயே நின்றுவிட்டது.

நான் தேடிப்போன வயிற்றுப் புற்றுநோய்க்காரர் மட்டும் கட்டிலில் கிடந்தார். நடந்ததைச் சொன்னேன். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரித்து ஒரு மாசமாச்சு என்று மகள் கண்ணைத் துடைத்தாள். அவர் சொன்னார்: "அந்த ஆபரேசனுக்கே வந்திருந்தாலும் பரவால்ல, இப்படி உக்காருங்க அண்ணாச்சி. எங்கிட்டப் பேசுததுக்கு இப்பம் யாரு வாரா?"

மூன்று மாத ரகசியம்

கழுகுமலை அருகே ஒரு ஊரில் சீனியம்மாள், தீப்பெட்டி ஒட்டுகிறவர். கணவர் சண்முகையா, மானாவாரி விவசாயி. அவர் என்னை வாசலிலேயே மறித்தார். "அவளுக்கு அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். உளறிராதீங்க." தலையாட்டினேன். அவர் எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கக் கடைக்குப் போனதும் சீனியம்மாள் கிசுகிசுத்தார். "எனக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியும். அவியகிட்டச் சொல்லிராதீங்க, தாங்க மாட்டாக." அதற்கும் தலையாட்டினேன்.

இப்படி மூன்று மாதம் இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரியும்" என்று போட்டு உடைத்தேன். சண்முகையா விம்மி அழுதார். சீனியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இத முந்தியே சொல்லக் கூடாதா? அல்சருன்னு காரமில்லாத கொழம்ப மூணு மாசமா நானுல்லா தின்னு தொலச்சேன்!"

கையொப்பம்

அடுத்த மாதம் சீனியம்மாள் இறந்துபோனார். கடைசி நாட்களில் கணவர் பக்கத்திலேயே இருந்து, அந்த அம்மாள் கேட்டதையெல்லாம் சமைத்துக் கொடுத்தார். இதை நான் அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் எங்கள் தலைமை எழுத்தர் அதைத் திருப்பிவிட்டார். "பணி நிறைவுற்றபின் பயனாளியின் கையொப்பம்" என்ற கட்டம் காலியாக இருந்ததாம்.

பயனாளி இறந்ததால்தான் பணி நிறைவுற்றது என்று விளக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "அப்பம் இனிமே மொத நாள் போகும்போதே வாங்கி வச்சுக்கிடுங்க சார், இதுல என்ன கஷ்டம்?"

ஆறுதல் சொன்ன விதம்

சண்முகையா அதன்பின் முடங்கிவிட்டார். மழை பெய்து ஊரே விதைக்கிறது. இவர் காட்டுப் பக்கம் போகவில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. நான் படித்த பாடத்தையெல்லாம் ஒரு மணி நேரம் ஒப்பித்தேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு தீர்ந்துபோயிற்று. பஸ் அலுப்பு வேறு. சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வீடெல்லாம் புகை. மனைவி போனபின் முதல் தடவையாக அவர் அடுப்பு பற்றவைத்து எனக்காகச் சோறு பொங்கியிருந்தார். நான் தனியாகச் சாப்பிட மாட்டேன் என்றதும் அவரும் தட்டு வைத்து உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் அழுதார். அழுதுவிட்டு மீதியையும் சாப்பிட்டார். மறுவாரம் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். ஏர் பிடித்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்: "தூங்கணும்னா அந்த வேம்படியில படுத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஈரம் காயுததுக்குள்ள நான் விதச்சு முடிக்கணும்!"

இரண்டு வருஷம் படித்து, பன்னிரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து நான் கற்றுக்கொண்டதெல்லாம் போன வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், கூடுமானவரை குறட்டை விடக் கூடாது என்பதுதான்.