பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன்

என் பெண்டாட்டி அருணாதேவி காதல் நாவல் எழுதறவ. அடி அண்ணாமலையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர் வெக்கிற வீட்டுல பொறந்து, பத்தாவதோட நின்னு, என்னைக் கட்டிக்கிட்டு திருவண்ணாமலை டவுனுக்கு வந்தா. சமையல் முடிஞ்சதும் கோடு போட்ட நோட்டோட உக்காந்துடுவா. மாச நாவலா இருவத்திரண்டு வந்திருக்கு. இப்ப செல்போன்லயும் படிக்கறாங்க.

எனக்கு அவ ஹீரோவைக் கண்டாலே ஆகாது. கதைக்குக் கதை பேரு மாறும், ஆளு ஒருத்தன்தான். சாயந்திரமானா பஸ் ஸ்டாண்டுல ஒரு துணிப்பையோட நிப்பான். மழை வந்தா பையிலேர்ந்து குடை எடுப்பான். "சாப்ட்டியா?"ம்பான். அவ்ளோதான் ஐயாவோட காதல்! ஹீரோயினோ சரியான சிடுமூஞ்சி. கண்டக்டரைத் திட்டிக்கிட்டே எறங்குவா, அவனைத் திரும்பிக்கூடப் பாக்காம முன்னாடி நடப்பா. இவளுக்காக எவன்யா நிப்பான்னு சிரிப்பேன். உள்ளுக்குள்ள மட்டும் ஒரு முள்ளு. ஒரே ஆளை இத்தனை தடவை எழுதறாளே, கல்யாணத்துக்கு முன்னாடி எவனாவது இருந்திருப்பானோ? முப்பது வருஷமா கேக்கல. கேட்டு, ஆமான்னுட்டா என்ன பண்றது?

போன மாசம் அவளுக்குக் கண் ஆபரேஷன். அவ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசி அத்தியாயம். செங்கத்துலேர்ந்து வர்ற பஸ் வழியில நின்னுபோச்சாம், கொட்டற மழையில ரெண்டு மணி நேரமா நிக்கறான் அந்தப் படுபாவி. எனக்குக் கோவம் எப்பவுமே கொஞ்சம் ஜாஸ்தி. பேனாவைத் தூக்கி எறிஞ்சேன்.

"யாருடி அவன்? இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கறுப்புக் கண்ணாடியோட சிரிச்சா. "நான்தாங்க."

"நீ ஹீரோயின்தானே?"

"ஹீரோங்க. எழுதறப்ப அவனுக்குள்ளதான் நான் இருப்பேன்."

"அப்ப அந்த சிடுமூஞ்சி?"

அவ என் பக்கமா மூஞ்சியைத் திருப்பினா.

அடக் கடவுளே! செங்கத்துல நான் ஸ்கூல் கிளார்க்கா இருந்த ஆறு வருஷமும், ஆறரை மணி பஸ்ஸை விட்டு இங்க ஸ்டாண்டுல எறங்கினா இவ நிப்பா, கையில பையோட. "காய் வாங்க வந்தேங்க"ன்னுவா. கண்டக்டர் மேல இருக்கற எரிச்சலை இவ மேல காட்டிட்டு நான் விடுவிடுன்னு முன்னாடி போயிடுவேன். அந்தப் பையில ஒரு நாளும் காய் இருந்ததில்ல. நாவல் பூரா எவனோ ஒரு ஆம்பளையையே தேடிக்கிட்டிருந்தவனுக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் வரும்? இருவது வயசுப் பொண்ணு, எனக்காக நின்னிருக்கா. நெனைக்க நெனைக்க வெக்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

"தெனம் எவ்ளோ நேரம்டி நின்ன?"

கட்டில்ல நிமிந்து உக்காந்தா.

"ஒரு வாரமா கதைக்கு முடிவு கெடைக்காம தவிச்சேங்க. அவ அவன்கிட்ட இதைத்தான் கேக்கணும். எழுதிக்கோங்க"ன்னா.

கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பேனாவைத் தேடினேன்.