புஷ்பராணியின் பொட்டை அழித்த விளம்பரம்

"அக்கா, அத்தான் சுகமா இருக்கிறாரோ?"

ரியாத்தில் லொறி ஓட்டுகிற தம்பி சுஜிதன் போனில் புஷ்பராணியிடம் இப்படிக் கேட்டபோது, அத்தான் யோகராசா ஒஸ்லோ புறநகர் புருசெத்தில் உள்ள வீட்டுச் சோபாவில் கிடந்து, பனிச்சறுக்குப் போட்டி பார்த்தபடி மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார். மனுசனுக்குச் சாகிற யோசனை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

தம்பி ஏன் கேட்டான் என்பது அவன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் விளங்கியது. அவனுடைய போனில் வந்த மீன் எண்ணெய் விளம்பரம். கறுப்பு முக்காட்டுக்குள் ஒரு சவூதித் தாய் போத்தலோடு சிரிக்கிறாள். சிரிப்பு புஷ்பராணியுடையது. கன்னத்து மச்சமும் அவளுடையதுதான். நெற்றி மட்டும் கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி வெறுமையாக இருந்தது.

ஒஸ்லோ நடுவில் ஒரு விளம்பரக் கம்பனி. நோர்வேச் சாமானை அரபு நாடுகளில் விற்றுக் கொடுப்பது அவர்கள் பிழைப்பு. அங்கே கன்டீன் புஷ்பராணியின் பொறுப்பு. ரியாத்தில் எல்லாம் இளசுகள், கண் முழித்தால் போன், கண் மூடும் வரைக்கும் போன் என்று மேலே இருப்பவர்கள் பேசுவதைக் கோப்பி ஊற்றும்போது கேட்டிருக்கிறாள். ஒரே விளம்பரத்தைப் பல முகங்களோடு வெளியே விடுவார்களாம். எந்த முகத்தில் ஆட்களின் விரல் நிற்குதோ, அந்த முகத்தையே கொம்பியூட்டர் மிசின் நாடு முழுக்கக் காட்டுமாம். டிசம்பரில் கம்பனி வைத்த நத்தார் விருந்தில் அவள் சிரித்த படமும் அந்தப் போட்டிக்குப் போனதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே அபிசனைப் பிடித்தாள். ஒஸ்லோ குரோருட்டில் வளர்ந்த தமிழ்ப் பெடியன், கம்பனியில் விளம்பரப் படங்கள் செய்கிறவன். அவள் கன்டீனில் சுடுகிற இறைச்சி றோல்ஸில் கடைசி றோல்ஸ் எப்போதும் அவனுக்குத்தான்.

"மிசின்தான் உங்களைத் தெரிஞ்செடுத்தது, அன்ரி. ரியாத்தில உங்கட முகம்தான் முதலாவது," என்றான், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

"பொட்டை ஆர் அழிச்சது? மிசினோ?"

அபிசன் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தான். முக்காடு மிசின் போட்டதாம். பொட்டை மட்டும் அது விட்டுவிட்டதாம்.

"நான்தான் அன்ரி."

"உன்ர கொம்மான்ர படத்தில பொட்டை அழிச்சிருப்பியோ?"

விளம்பரத்தை எடுக்கச் சொல்லி அவள் மேலே போனாள். மனேஜர் நோர்வேக்காரர், மிகவும் பண்பானவர். விளம்பரம் நன்றாகப் போகுது, நோன்புப் பெருநாள் வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லி ஒரு பூச்சாடி கொடுத்தார். அவள் அதைக் குப்பைவாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே போடவில்லை. பூ என்ன செய்தது, பாவம்.

திங்கட்கிழமை மீன் எண்ணெய் விற்கிற ரியாத் அம்மையாரோடு கூட்டம். பெரிய திரையில் ஒரு பக்கம் அம்மையார், மறு பக்கம் முக்காட்டோடு புஷ்பராணி. கேக் கொண்டு போன புஷ்பராணி தட்டை வைத்தாள். நேரே திரைக்குப் போனாள். தன் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை உரித்து, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுகிற மாதிரி, அந்த முக்காட்டு நெற்றியில் அழுத்தி ஒட்டினாள்.

விளம்பரத்து முகம் உயிரோடு கமராவுக்கு முன்னால் வந்து நின்றால் யாரும் கேட்கத்தானே செய்வார்கள். இது யார் என்று அம்மையார் கேட்டார். மனேஜர் தொண்டையைச் செருமினார். அபிசன் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கன்டீன் அன்ரி. புருசன் இருக்கிறார். பொட்டை அழித்தது நான்.

அம்மையார் கொதித்தார். எங்கள் ஊரில் தாய்மாருக்குப் பஞ்சமா, வேறொருத்தியின் நெற்றியைத் துடைத்தா எங்களுக்கு விற்கிறீர்கள் என்று மனேஜரைக் கிழித்தார். விளம்பரம் அன்றைக்கே இறங்கியது.

பின்னேரம் அபிசன் கன்டீன் வாசலில் வந்து நின்றான். அவளுக்குக் கோபம் துளியும் ஆறவில்லை. கடைசி றோல்ஸை அவன் பக்கம் தள்ளினாள்.

"தின். கதைக்காதை."

வீட்டுக்குப் போனபோதும் பனிச்சறுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தலைமுடி வெட்டினாலும் புதுச் சேலை கட்டினாலும் கண்டுபிடிக்காத யோகராசா, மிக்சர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பி உட்கார்ந்தார்.

"எங்கையப்பா உன்ர பொட்டு?"

"வேலையில விட்டிட்டு வந்தனான்," என்றாள் புஷ்பராணி. பிறகு குளியலறைக்குப் போய், கண்ணாடியில் ஒட்டியிருந்ததில் பெரிசாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள்.