லைட்டா போட்ட பிஸ்கட்

என் அண்ணன் ஜெகதீசனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அண்ணி மன்னித்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். பார்வதம் அண்ணியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு அது. தெரிந்துகொண்டு பேசட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அண்ணனை இதில் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். ‘அவர்’ போடுகிற அளவுக்கு அவன் இன்னும் நடந்துகொள்ளவில்லை.

அண்ணி பிறந்தது வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு கிராமம். பனிக்காலத்தில் பறவை பார்க்கக் காரில் வருகிறவர்கள் அவர்கள் வரப்பில் ஏறி நின்று போட்டோ எடுப்பார்களாம். “நாங்க இடுப்பொடிய நட்டுகினு கீறோம், நீ கொக்கு பாக்க எங்க வரப்ப மிதிக்கிறியா?” என்று தாவணி போட்ட வயதிலேயே ஒரு கூட்டத்தை விரட்டியவள். கோபம் அவளுக்குக் கூடவே பிறந்தது. ஆனால் காரணமில்லாமல் வராது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பொண்ணு ஒருநாள் எங்கள் வாளியைக் கயிறோடு கிணற்றுக்குள் விட்டுவிட்டாள். ஓடி வந்து நடந்ததைச் சொன்னாள். “சொல்லிட்ட இல்ல, வுடு” என்று அண்ணி அரிசி களையப் போய்விட்டாள். அதே வாளியை யாராவது விட்டுவிட்டு, தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தெருவே கூடியிருக்கும். அவளுக்குப் பொய்தான் ஆகாது.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் போகும் வழியில் அவர்கள் கீழ் வீட்டிலும் நான் மாடியிலும் இருந்தோம். நான் பொத்தேரிக்கு எலக்ட்ரிக் ட்ரெயினில் வேலைக்குப் போய்வருவேன். அண்ணன், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். அவனுக்குக் குடி கிடையாது, பீடி கிடையாது. பிஸ்கட்தான். டீ என்றால் பிஸ்கட் வேண்டும். வீட்டில் எப்போதும் ஒரு தகர டப்பா நிறைந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் வீட்டு பிஸ்கட் என்றால் வீட்டில் சுடுவது இல்லை. மாவையும் சர்க்கரையையும் தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போக வேண்டும். டால்டாவும் அடுப்பும் அவர்களுடையது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் டப்பாவில் அடுக்கித் தருவார்கள். மாவு நம்முடையது என்பதால் அது வீட்டு பிஸ்கட். தீபாவளி சமயத்தில் பேக்கரி வாசலில் தூக்குகள் வரிசை கட்டி நிற்கும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஐப்பசி மழையில், திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு. நல்லவேளை, பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “இனிமே எல்லாமே லைட்டா சாப்பிடணும். கொழுப்பு ஆகவே ஆகாது. பொங்கல் முடிஞ்சு ரத்தம் டெஸ்ட் பண்ணுவோம். கொழுப்பு குறைஞ்சாதான் ஸ்டியரிங். குறையலன்னா, அடுத்த தடவை இங்க வந்து சேர்றதே கஷ்டம்.”

அண்ணி அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். லைட்டா. வீட்டில் வடை போயிற்று, பூரி போயிற்று, நெய்ச் சொம்பு சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போயிற்று. அண்ணன் முனகாமல் சாப்பிட்டான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலு மணி டீ வந்தால் காலி டப்பாவைத் திறந்து பார்ப்பான். மூடுவான். மறுபடி திறப்பான். அண்ணிக்குத் தாங்கவில்லை.

“பாவம்டி லதா அது. வாயத் தொறந்து கேக்கக்கூட மாட்டேங்குது,” என்றாள் என்னிடம்.

பாவமாம்!

அவளே யோசித்து ஒரு வழி கண்டாள். மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு. சர்க்கரை பாதி. டால்டா பேருக்குக் கொஞ்சம். தூக்கை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். அங்கே மாஸ்டர் சதாசிவம், எங்கள் கல்யாணங்களுக்கெல்லாம் கேக் போட்டவர், கை சுத்தமான மனிதர். அவரிடம் சொன்னாள்: “அண்ணாத்த, வூட்டுக்காரருக்கு ஒடம்பு முடியல. டாக்டரு சொல்லிக்கிறாரு. லைட்டா போட்டுக் குடு.”

இந்த ஒரு வார்த்தையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நம் ஜனங்கள் இதை வைத்துக்கொண்டு படுத்துகிற பாடு! மழை லைட்டா பெய்கிறது, தலை லைட்டா வலிக்கிறது, ஜாக்கெட் லைட்டா பிடிக்கிறது, பெண் லைட்டா கறுப்பு. டாக்டர் சொன்ன லைட்டா ஒன்று, அண்ணி கொண்டுபோன லைட்டா ஒன்று, மாஸ்டர் காதில் விழுந்த லைட்டா வேறொன்று. டால்டாவைக் குறை என்று தமிழில் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

சாயங்காலம் டப்பா வந்தது. நான் ஒன்றை எடுத்தேன். விரலில் பிடித்தால் பொடிந்தது, நாக்கில் வைத்தால் கரைந்தது. கோதுமை பிஸ்கட் இப்படி வருமா என்று நான்கூட வாயைப் பிளந்தேன். அண்ணன் ஒரு கடி கடித்தான். கடித்துவிட்டு அண்ணியை ஒருமாதிரி பார்த்தான். பிறகு சொன்னான்: “பார்வதம், ஒன் மூளைக்கு ஈடு கெடையாதுடி.”

அண்ணி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. பாராட்டெல்லாம் கேட்டுப் பழக்கமில்லாதவள். அதன் பிறகு தெருவில் அவள்தான் டாக்டர். யார் வீட்டில் சர்க்கரை, யார் வீட்டில் ரத்தக் கொதிப்பு என்று தேடிப் போய்ச் சொல்வாள்: “கோதும மாவு குடு, லைட்டா போடச் சொல்லு, பயப்படாம துன்னலாம்.” சின்னப்பொண்ணின் புருஷன் கேசவனுக்குச் சர்க்கரை. அந்த வீட்டிலும் டப்பா நிறைந்தது. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். லைட்டான பிஸ்கட்தானே என்று ஒன்றுக்கு மூன்றாக உள்ளே போகும். அண்ணியே எடுத்து வைப்பாள்.

பொங்கல் முடிந்து டெஸ்ட் எடுத்தார்கள். கொழுப்பு குறையவில்லை. ஏறியிருந்தது.

டாக்டர் அண்ணனைப் பார்த்துக் கேட்கவில்லை. அண்ணியைப் பார்த்துத்தான் கேட்டார்: “என்னம்மா போட்டு வளக்குறீங்க இவரை? ஆளைக் கொல்லணும்னு இருக்கீங்களா?” அண்ணியை வேறு யார் இப்படிக் கேட்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்குச் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அண்ணன் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் என் அக்கா சரோஜா போன் போட்டு, “என் தம்பிக்குச் சோறாக்கத் தெரியாதவள கட்டி வெச்சிட்டோம்” என்று அழுதாள். அண்ணிக்குக் கேட்கட்டும் என்றே கத்தி அழுதாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணி டப்பாவைக் கழுவுவதற்காக மிச்சமிருந்த பிஸ்கட்டை எல்லாம் செய்தித்தாளில் கொட்டி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் அவற்றை மறுபடி அடுக்கப்போனேன். தாளைத் தூக்கினால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. பஜ்ஜி மடித்த காகிதம்கூட அத்தனை ஊறாது.

“அண்ணி, இங்க வா. இத்த பாரு.”

பார்த்தாள். விரலால் தொட்டுத் தேய்த்தாள். முகர்ந்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பேக்கரிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சதாசிவம் மாஸ்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “வாம்மா. மாவு கொண்டாந்தியா?”

“அண்ணாத்த, நான் டால்டா எவ்ளோ போடச் சொன்னேன்?”

“நீ எங்க சொன்ன? லைட்டா வேணும்ன. ஒடம்பு முடியாத மனுசன், கட்டியா கீறத கடிக்க முடியுமா? கோதும மாவு வேற, மைதா மாதிரி எளகாது. அதான் டால்டாவ ஒண்ணுக்கு ஒண்ணர போட்டு, நல்லா நொரக்க அடிச்சு ஏத்தினேன். அப்பதான் லைட்டா வரும். வாயில கரஞ்சுதா இல்லியா?”

அவர் முகத்தில் அத்தனை பெருமை. நோயாளிக்கு நல்லது செய்துவிட்ட பெருமை. அண்ணி அடிக்கக் கை ஓங்குவாள் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. அவர் மேல் கோபித்து என்ன பயன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கிளம்பத் திரும்பிவிட்டாள். அப்போதுதான் அந்த மனிதர் சொன்னார்:

“ஒங்க வூட்டுக்காரரு கூட மொத வாரமே வந்து கேட்டாரே. இன்னா மாஸ்டர், டால்டா தூக்கலா கீதேன்னாரு. ஆமாப்பா, கொறச்சிடட்டான்னேன். வாணாம், இப்படியே போடு, அவ கைல சொல்லிக்காதன்னுட்டு சிரிச்சிகினே போனாரு. ஏம்மா, இன்னா ஆச்சு?”

வரும் வழியெல்லாம் அண்ணி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நான்தான் அண்ணனை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். திருடன், நாக்கு நீண்டவன், ஆஸ்பத்திரியில் அவள் தலைகுனிந்து நின்றபோது ஃபேனைப் பார்த்தவன். இன்னும் என்னென்னவோ. இதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெற்றுக்கொள்ளப்போவதில்லை.

அண்ணன் வாசல் நாற்காலியில் இருந்தான். அண்ணி அவனை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அது இல்லை.

“யோவ். ஒனுக்குத் தெரியுமா?”

அவனுக்கு உடனே புரிந்தது. “இல்லடி... நீ அவ்ளோ ஆசையா போட்டுகினு வந்த. ஒன் மனசு கஷ்டப்படும்னுதான்...”

“என் மனசா? நீ துன்ன ஆசப்பட்டுட்டு அத்த என் மனசு மேல ஏத்தாத! எனக்கு டால்டா வேணும்டின்னு கேட்டிருந்தா, செத்துத் தொலன்னு திட்டிட்டு ஒரு பிஸ்கட்டு குடுத்திருப்பேன். நீ இன்னா பண்ண? மூளைக்கு ஈடில்லன்ன. நான் தெருத் தெருவா அத்தயே சொல்லிகினு போனேன். நீ இங்க குந்திகினு கேட்டுகினு கீற! டாக்டரு, ஆளக் கொல்லப் பாத்தியான்னு என்ன கேட்டாரே, அப்பவாவது வாயத் தொறந்தியா? நீ செத்திருந்தா நான்தானய்யா கொன்னேன்னு கடைசி வரைக்கும் நெனச்சிகினு கெடந்திருப்பேன்!”

அவன் தலையைக் குனிந்தான். குனியட்டும். அவள் அதைப் பார்க்க நிற்கவில்லை. நேராகச் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. “நான் சொன்னது தப்பு. அதுல டால்டாதான் கீது. துன்னாதீங்க, கொட்டிடுங்க.” சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, “டாக்டரம்மா வந்துட்டாங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். சின்னப்பொண்ணு மட்டும், “சொல்லிட்ட இல்ல, வுடு” என்றாள். அண்ணி எல்லா வீட்டுப் படியும் ஏறி இறங்கினாள். தப்பு பண்ணியவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஏமாந்தவள் ஊரெல்லாம் போய்த் தலைகுனிந்தாள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகு அவள் பேக்கரிக்குப் போகவில்லை. மாமல்லபுரத்துக்கு, அவன் ஓட்டிய அதே பஸ்ஸில் போய், ஒரு பை நிறையக் கடல் மணல் அள்ளி வந்தாள். உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, பழைய குக்கரில் கொட்டி, தட்டு வைத்து, வீட்டிலேயே பிஸ்கட் சுட்டாள். கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை, ஒரே ஒரு கரண்டி எண்ணெய். டால்டா வாசமே கிடையாது. முதலில் அடி கருகியது. பிறகு மேல் வேகவில்லை. பிறகு வெந்தது, ஆனால் அம்மிக்கல்லில் வைத்துத் தட்டித்தான் உடைக்க முடிந்தது.

டீயோடு தட்டில் ஒன்று வைப்பாள். “எப்படி கீது?”

“நல்லா கீது,” என்பான் அவன், பயந்துபோய்.

தட்டையும் எடுத்துக்கொள்வாள், டீயையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே தண்டனை. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சொல்லித்தருவேனா?

சித்திரையில் அடுத்த டெஸ்ட். கொழுப்பு இறங்கியிருந்தது. இனி பஸ் ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். அண்ணி தட்டை வைத்தாள். “எப்படி கீது?”

“சூப்பரா கீதுடி!”

தட்டு உள்ளே போனது. அவன் உயிர் அவனுக்குத் திரும்பி வந்துவிட்டது; அவளுக்கு வரவேண்டியது வரவில்லை.

மறுநாள் காலை அவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினான். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அண்ணி டீயும் தட்டும் வைத்துவிட்டுக் கேட்டாள். அவன் கடித்தான். வெகுநேரம் மென்றான். தட்டை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல முன்னால் தள்ளினான்.

“நல்லா இல்லடி. கல்லு மாரி கீது. ஒரு பக்கம் கருகிக்கினு கீது. இனிப்பும் பத்தல.”

அண்ணி அப்படியே நின்றாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அழாதவள், டாக்டர் திட்டியபோது அழாதவள், அப்போது முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பிறகு உள்ளே போய்த் தகர டப்பாவை முழுசாக எடுத்து வந்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

“துன்னு. இத்த அன்னிக்கே சொல்லக்கூடாதாய்யா?”

அவன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தான். கடக்கென்று அது உடைந்த சத்தம் மாடிப்படி வரைக்கும் கேட்டது.