பத்துக்குப் பத்தும் தப்பு

பெர்னாபேயைக் குருடன் என்று ஊர் முதன்முதலில் கூப்பிட்டபோது அவருக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிந்தது. கூடைப்பந்து மைதானத்தில் விசிலோடு இறங்கிய முதல் கோடையிலேயே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. அதன்பிறகு இருபத்தேழு கோடை. ரப்பர் செருப்போடு ஓடி விளையாடும் வாலிபர்களில் ஆரம்பித்து, மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேலியோரம் நின்று பார்க்கும் பெண்கள் வரைக்கும் அவரைக் குருடன் என்று கத்தாத வாய் அந்த ஊரில் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் கண்ணழுத்த நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரிவதோடு நின்றது. விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னது இதுதான்: “இருபத்தேழு வருஷமா சொல்லிட்டிருந்தீங்க. இப்பத்தான் பலிச்சிருக்கு. போய்ச் சோறு தின்னுங்க.”

பகலெல்லாம் பனிக்கட்டி ஆலையில் இயந்திரம் பார்ப்பவர், மாலையில் நடுவர். சொன்ன தீர்ப்பை மாற்றியதே இல்லை. ஊர்த்தலைவரின் மச்சானை ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார். சொந்தத் தம்பியை அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டு டிபோங் விஷயம் எல்லாருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு இறுதியாட்டம். கடைசி விநாடியில் டிபோங் பந்தைக் கூடையில் போட்டான். ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டது. விசில் கேட்டது. போடுவதற்கு முன் எதிராளியைத் தோளால் தள்ளினான், ஃபவுல், அந்தக் கூடை செல்லாது என்றார் பெர்னாபே. கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் டிபோங் இவர் வீட்டுக்கு வந்து, இவர் வீட்டுப் பன்றி ரோஸ்ட்டைத் தின்றுகொண்டே, “அது நிஜமாவே ஃபவுல்தானாண்ணே?” என்று கேட்பான். “ஃபவுல்தான்” என்று சொல்லி இன்னொரு துண்டு வைப்பார் இவர்.

கண் போன பிறகும் பெர்னாபே ஆட்டம் பார்ப்பதை நிறுத்தவில்லை. ‘கேட்பது’ என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார். பாதிப் பார்வை இருந்த காலத்திலேயே முன்யோசனையாக ஒட்டுப்பலகை அறுத்து, இடுப்புயரத்துக்கு இரண்டு பெட்டி செய்து, நகரத்தில் வாங்கிய ஸ்பீக்கர்களை அவற்றில் பொருத்தி, டிவிக்கு இடப்பக்கச் சுவரோரம் ஒன்றும் வலப்பக்கச் சுவரோரம் ஒன்றுமாக நிறுத்தினார். ஆட்டக்காரர்களின் காலணி கீச்சிடுவதும், வளையத்தில் பந்து மோதுவதும், வலை உதறுவதும், இடப்பக்கக் கூடையில் நடந்தால் இடப்பெட்டியில் கேட்கும், வலப்பக்கம் நடந்தால் வலப்பெட்டியில். நடுவில் உட்கார்ந்தால் போதும், பந்து அவர் முகத்துக்கு முன்னால் குறுக்கே ஓடும். எது எந்தப் பெட்டி என்று விரலுக்குத் தெரிய, வலப்பெட்டியின் முதுகில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிவைத்திருந்தார்.

மனைவி பன்யாங்குக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டாலே ஆகாது. கால் கட்டைவிரலை அவற்றில் எத்தனை முறை இடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை. இடப்பெட்டியின் தலையில் குழந்தை இயேசுவை வைத்து, பிளாஸ்டிக் பூ சாத்தி, ஏதோ ஒரு விதத்தில் அதைக் கும்பிடும்படி ஆக்கியிருந்தாள். அவள் பார்க்கும் மத்தியான நாடகத்திலோ மாமியார் மெல்லப் பேசினால் குகைக்குள்ளிருந்து பேசுகிறமாதிரி இருக்கும்.

“சொத்த யாருக்கு எழுதி வச்சான்னு சொல்றா. அது மட்டும் கேக்கல. எவனோ பந்தத் தட்டுனா மட்டும் வீடே அதிருது” என்பாள்.

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் மகள் ரிஸெல் ரியாத்திலிருந்து விடுமுறையில் வந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். யார் எதை ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது அவள் தொழில். அப்பா கைத்தடி வேண்டாம் என்கிறார், ‘பார்க்கிறேன்’ என்கிறார், எனவே கண் போனதை அவர் மனசு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிட்டாள். அவள் கொண்டுவந்த பெட்டியில் ஒரு சவுண்ட்பார் இருந்தது. கறுப்பாய், ஒல்லியாய், டிவியின் நீளத்துக்கு ஒரே ஸ்பீக்கர். வந்த மறுநாளே அதை டிவிக்குக் கீழே வைத்து, ஒரே ஒரு வயரைச் சொருகி, பழைய பெட்டிகளைச் சமையலறைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

பன்யாங் நாடகம் பார்த்தாள். மாமியார் பேசியது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. “இத்தன நாளா அந்தக் கிழவிக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு நெனச்சேன்டி” என்று மகளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் பெர்னாபே ஆட்டம் பார்க்க உட்கார்ந்தார். சத்தம் சுத்தமாக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் நடுவிலிருந்து வந்தது. பந்து நடுவில் தட்டப்பட்டது, வளையம் நடுவில் அதிர்ந்தது, கூட்டம் நடுவில் கத்தியது. ஒருத்தன் வாய்க்குள் பத்துப் பேர் விளையாடுகிறமாதிரி இருந்தது. கொஞ்சநேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“பந்து எந்தப் பக்கம்?”

பன்யாங் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “ம்? அந்தப் பக்கம்” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பந்து திரும்பிவிட்டது. இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் பதில் பிந்தியே வந்தது. மூன்றாவது பதிலுக்குப் பிறகு ரிமோட்டைத் தடவி எடுத்து டிவியை அணைத்தார். கண் போன மூன்று வருஷத்தில் என்ன நடக்கிறது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிவந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையைக் கோபமாக மாற்ற அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“என் பெட்டியக் கொண்டாந்து வை.”

“அப்பா, இது எல்லாத் திசையிலேருந்தும் சத்தம் வர்ற மாதிரி செஞ்சது. டப்பாமேலயே எழுதியிருக்கு.”

“டப்பா எழுதினவன் கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்து பாத்தானாமா?”

“அந்த ரெண்டு மர டப்பாவுல உங்களுக்குப் பந்து தெரியுதுன்னு நீங்களே நெனச்சுக்கறீங்கப்பா. உங்கள மாதிரி நெறைய பேர நான் பாத்திருக்கேன். மனசு அப்படி ஒரு சமாதானம் பண்ணிக்கும்.”

பெர்னாபே எழுந்து நின்றார். “திருவிழாவன்னைக்கு இறுதியாட்டம் டிவியில வருது. ஊரே இங்கதான் திங்க வரும். எல்லார் முன்னாடியும் வச்சுக்க. பத்து தடவ பந்து எந்தக் கூடைக்குப் போகுதுன்னு கையக் காட்டறேன். பத்தும் சரியா வந்தா என் பெட்டி இருக்கும். ஒண்ணு தப்புனாக்கூட நீயே எடுத்து அடுப்புல வை.”

ரிஸெல் ஒத்துக்கொண்டாள். அப்பாவை ஊர் முன்னால் தோற்கடிக்க அவளுக்கு ஆசையில்லை. ஆனால் தோற்றால்தான் கைத்தடியைத் தொடுவார் என்று நினைத்தாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் வீட்டைத் துடைத்துத் தள்ளுவது வழக்கம். பெர்னாபே முடிவெட்டப் போயிருந்தார். ரிஸெல் தரைக்கு மெழுகு பூசி, பாதித் தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து ஆடி ஆடித் தேய்த்தாள். சமையலறைக்குப் பின்னாலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து துடைத்தாள். ஒன்றின் முதுகில் அழுக்குப் பிளாஸ்திரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தாள். இரண்டையும் இரண்டு சுவரோரமும் நிறுத்தி, வயர்களை முறுக்கிச் சேர்த்தாள். குழந்தை இயேசுவைப் பழையபடி இடப்பக்கம் ஏற்றிவைத்தாள். அன்று அந்தப் பெட்டிகளில் ஓடியது பன்யாங்கின் நாடகம் மட்டும்தான். நாடகத்துப் பேச்சுக்கு இடமும் வலமும் கிடையாது.

மறுநாள் மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. திருவிழாவன்று எந்த வீட்டுக்கும் யாரும் போகலாம்; பேர் தெரியாதவனுக்கும் தட்டு உண்டு. பன்சித் நூடுல்ஸும் பன்றித் தோலுமாகப் பதினைந்து பேர் தரையிலும் ஜன்னலிலும் உட்கார்ந்திருந்தார்கள். பந்தய விஷயம் தேவாலயத்திலேயே பரவிவிட்டது. கணக்கு வைக்க டிபோங் தானாகவே முன்வந்தான்.

“ரெஃபரிக்கு நான் ரெஃபரி. இருபத்தாறு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்” என்றான்.

ஆட்டம் தொடங்கியது. பெர்னாபே நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அது ஆட்டத்துக்கு அவர் செய்யும் மரியாதை மாதிரி. மூடாவிட்டாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பந்து தட்டப்பட்டது, காலணிகள் கீச்சிட்டன, எல்லாம் இடது கோடிக்கு ஓடின. இடக்கையைத் தூக்கினார்.

“ஒண்ணு” என்றான் டிபோங். குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

வலது. வலக்கையைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் யாரோ களுக்கென்றார்கள். பந்து திரும்பியது, இடது. அவருக்கு எல்லாம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. ஆறாவது முறை கை தூக்கியபோது அறை முழுக்கச் சிரித்தது. ஏழாவதில் சிரிப்பு அடங்கிவிட்டது. அதுதான் அவருக்கு உறைத்தது. அவர் தப்பு செய்தால் சிரிப்பார்கள். பாவமாய்ப் போனால்தான் பேசாமலிருப்பார்கள்.

“போதும்ப்பா” என்றாள் ரிஸெல்.

“பத்துன்னு சொன்னேன்” என்றார்.

பத்தும் முடிந்தது. டிபோங் தொண்டையைச் செருமினான். “அண்ணே, ஒண்ணுகூட சரியில்லண்ணே. பத்துக்குப் பத்தும் தப்பு.”

பன்யாங் வந்து அவர் தோளில் கை வைத்தாள். ரிஸெல் அருகில் மண்டியிட்டாள். “பரவால்லப்பா. நான் சொல்றதக் கேளுங்க. சவுண்ட்பார வச்சுக்குவோம். பக்கத்துல ஒக்காந்து நான் சொல்லிக்கிட்டே வரேன்.”

பெர்னாபே இரண்டு கையையும் மடியில் இறக்கினார். மூன்று வருஷம் பார்த்த ஆட்டமெல்லாம் மனசு போட்ட வேஷம்தானா? மனைவி மகள் எல்லாரும் தன்னிடம் பொறுமையாக இருந்திருக்கிறார்களா? பிறகு அவருக்குள் இருந்த நடுவர் கணக்குப் போட ஆரம்பித்தார்.

“டிபோங், எத்தன தப்பு?”

“அதான் சொன்னேனேண்ணே. பத்து.”

“ஒண்ணுகூட சரியில்ல?”

“ஒண்ணுகூட.”

“அப்ப நான் சொன்னது சரி” என்று எழுந்தார். “என்ன முழிக்கறீங்க? ஒண்ணும் தெரியாதவன் சும்மா கையத் தூக்குனாக்கூடப் பத்துல நாலஞ்சு சரியா விழும். பத்தும் தப்பா விழணும்னா, பந்து எங்க இருக்குன்னு பத்து தடவயும் தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரிஞ்சுது. வீட்டுலதான் யாரோ இடத்த மாத்தி வச்சிருக்கீங்க.”

“அண்ணன் தோத்தாலும் தீர்ப்ப மாத்த மாட்டார்” என்று யாரோ முனகினார்கள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வலப்பெட்டியிடம் போய் அதன் முதுகில் விரலை ஓட்டினார். வழுவழுவென்றிருந்தது. அறையைக் கடந்து இடப்பெட்டியிடம் போனார். அதுவும் வழுவழுப்புத்தான்.

“என் பிளாஸ்திரி எங்க?”

ரிஸெலின் குரல் சின்னதாக வந்தது. “அழுக்கா இருந்துச்சுப்பா. நேத்து சுரண்டி எடுத்துட்டேன்.”

“எந்தப் பெட்டியிலேருந்து?”

மெழுகுத் தரையில் அவள் எழுந்து நடப்பது கேட்டது. “சாமி இருக்கற பெட்டியிலேருந்து. ஒட்டியிருந்த எடம் வெளுத்துத் தெரியுது” என்றாள். “ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு. எது எங்கன்னு பாக்காம எடம் மாத்தி வச்சு, அதது கூட இருந்த வயரையே முறுக்கிட்டேன்.”

“வலது எடத்துல இடது. இடது எடத்துல வலது. நர்சம்மா, நோயாளிக்கு இடக்காலுக்குப் பதிலா வலக்காலக் கட்டிப்போட்டுட்டு, அவன் நொண்டறான்னு சொன்னா எப்படி?”

சாமியை இறக்கி, வயரைக் கழற்றி, இரண்டையும் மாற்றி முறுக்கினாள் ரிஸெல். உதவிக்கு வந்த டிபோங்கை விரட்டிவிட்டாள். முடித்ததும் டிபோங் பெருந்தன்மையாக, “சரிண்ணே, முதல்லேருந்து எண்ணறேன்” என்றான்.

“எதுக்கு முதல்லேருந்து? அந்தப் பத்தும் என்னோடது. பதினொண்ணுலேருந்து எண்ணு.”

பதினொன்று, இடது. பன்னிரண்டு, வலது. பதிமூன்றாவதில் கை தூக்கி, உடனே மற்றக் கைக்கு மாற்றினார். பந்து பறிபோனதை அறையில் மற்றவர்கள் அதற்கப்புறம்தான் பார்த்தார்கள். இருபதில் டிபோங் எண்ணுவதை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க ஆரம்பித்தான். ரிஸெல் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் கழித்து, “அப்பா, இப்ப இடது. இல்ல?” என்றாள். அவள் கண்ணை மூடியிருந்தாள் என்பது அவள் கேட்ட விதத்திலேயே அவருக்குத் தெரிந்தது.

“இடதுதான். ஆனா பந்து இன்னும் கைய விட்டுப் போகல. அவசரப்படாத.”

சவுண்ட்பாரை அடுப்படியில் இருக்கும் சின்ன டிவிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று பன்யாங் அங்கேயே கறாராகச் சொல்லிவிட்டாள். மாமியாரின் சொத்து விவகாரத்தில் அவளால் இனி விட்டுக்கொடுக்க முடியாது. கைத்தடியைப் பற்றி ரிஸெல் அன்று பேசவில்லை. இன்னொரு நாள் பேசுவாள். அவளும் அவருக்குப் பிறந்தவள்தான்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. டிபோங் மட்டும் கடைசிப் பன்றித் தோலை மென்றுகொண்டே நின்றான்.

“ஒத்துக்கறேண்ணே. கண்ணில்லாமலே உங்களுக்குத் தெரியுது. இப்பச் சொல்லுங்க. அன்னிக்கு நான் போட்டது?”

“அன்னிக்கு எனக்குக் கண்ணும் இருந்துச்சு” என்றார் பெர்னாபே. “ஃபவுல்.”